போகாமக் கெடந்த மெயில்

ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க, எனக்கு இந்தக் காத்து ஒத்துக்காது. மதுரைக்குத்தானா? நானும் மதுரைக்குத்தான். மச்சினன் மகளுக்கு நிச்சயம். வீட்டாளுக நேத்தே போயாச்சு. ஆபீஸ ஒழுங்கு பண்ணிட்டுக் கெளம்ப எனக்குத்தான் லேட்டு.

என்ன வேலை பாக்கிய? கம்ப்யூட்டரா? ரிப்பேரா, இல்ல உக்காந்து எழுதுற வேலையா? ரெண்டுமா. அப்பம் நல்லதாப் போச்சு, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

இந்த மெயில் ப்ரோகிராம் இருக்குல்லா. செல்லுல பாக்குறது இல்ல. கம்ப்யூட்டருக்குள்ளயே போட்டு வச்சிருப்பாங்களே, தொறந்தா இடது கைப்பக்கம் வந்ததுக்கு ஒரு பெட்டி, போனதுக்கு ஒரு பெட்டின்னு வரிசையா நிக்கும், அது. வருசக்கணக்கா நல்லா ஓடிக்கிட்டு இருந்தது ஒரு நாள் திடீர்னு சர்வர் கிடைக்கலன்னு சொன்னா, அதுக்கு யாரக் கொறை சொல்லுறது? மிஷின் கோளாறா, அதுல உக்காருற ஆள் கோளாறா?

பாத்துத்தான் சொல்ல முடியுமா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. சரி, நான் நடந்ததச் சொல்லுதேன், நீங்களே சொல்லுங்க.

நமக்குத் தூத்துக்குடி ஹார்பர்ல கிளியரிங் வேலை. கப்பல்ல வார சரக்குக்குக் கஸ்டம்ஸ்ல பேப்பர் காட்டி வெளிய எடுத்துக் குடுக்கணும், போற சரக்க ஏத்தி விடணும். அப்பா ஆரம்பிச்சது. அப்பா காலத்துல சைக்கிள்ல போயி நடக்கும். இப்பம் எல்லாம் மெயில்தான். கப்பல் வாரதும் மெயில், கன்டெய்னர் எறங்குனதும் மெயில். ஒரு மெயிலு தவறுச்சுன்னா சரக்கு யார்டுலயே கெடக்கும், கெடக்க கெடக்க வாடகை ஏறும்.

அந்த மெயிலையெல்லாம் பாக்குறது என் தங்கச்சி. எமில்டா. எனக்கு ஒரே தங்கச்சி. அவ காலேஜ் முடிச்ச வருசம் அப்பா தவறிட்டாரு. வீட்ல சும்மா இருக்க வேண்டாம்னு நாந்தான் ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்தேன். இப்பம் நாப்பது வயசு. ஆபீஸ்ல மூணு பேரு செய்யுற வேலைய ஒத்தையா செய்வா. சம்பளம்னு நான் வச்சதில்ல. கூடப்பொறந்தவளுக்குச் சம்பளம் குடுத்தா அசிங்கம்லா. அவளும் கேட்டதில்ல. வீட்லயும் அவளுக்கு முழு சுதந்திரம். என் வீட்டுக்காரி ரெஜினாவுக்கு முட்டு வலி, அடுப்படில நிக்க முடியாது. அடுப்படி மொத்தமும் எமில்டா கையிலதான். எந்த வீட்ல நாத்தனாருக்கு அடுப்படிய அப்படியே விட்டுக் குடுப்பா? ரெஜினா குடுத்தா.

கல்யாணமா? பாத்தோம், பாக்காம இல்ல. ஒண்ணு வந்தது, ஆபீஸ்ல வேலை அதிகம், அடுத்த வருசம் பாப்போம்னு விட்டோம். இன்னொண்ணு வந்தது, என் மகன் பத்தாவது, அவதான் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா, நடுவுல விட முடியல. அப்புறம் வரல. வராததுக்கு நாம என்ன செய்ய.

இதுக்குள்ள ஒருத்தன் வந்தான் பாருங்க, அங்கதான் சிக்கல். நேர்ல வரல, மெயில்ல வந்தான். பொள்ளாச்சியில ஒரு தென்னை நார் கம்பெனி, நம்ம பார்ட்டி. அங்க ஏற்றுமதி பேப்பர் பாக்குற ஆளு. பேரு இன்னாசிமுத்து. பொண்டாட்டி செத்துப் போனவன். ஒரு பொட்டப்புள்ள இருக்கு, ஜெனோவான்னு, ஒம்பதோ பத்தோ வயசு. அதுக்குப் பொறந்ததுலயிருந்தே ஒரு கால் சூம்பல்.

மொதல்ல கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர்னுதான் எழுதிக்கிட்டான். அப்புறம் கீழ ஒரு வரி, அங்க மழை பெய்யுதான்னு. இவ அதுக்கு ஒரு வரி, இங்க வெயிலுன்னு. இப்படி வளந்துட்டு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியளா? நான் வாசிப்பேன். ஆபீஸ் மெயில்தானே, என் ஆபீஸ் மெயில நான் வாசிக்கிறதுல என்ன தப்பு? காலைல அவ வீட்ல சமையல முடிச்சிட்டு வர முன்னால நான் வந்து தொறந்து எல்லாத்தையும் பாத்துருவேன். வாசிச்சது வாசிக்காத மாதிரி கறுப்பா நிக்க ஒரு பட்டன் இருக்கு. அத அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா, வேற எதுக்கோ.

தப்பா ஒண்ணும் எழுதல. அதையும் சொல்லணும். புள்ளைக்குக் காய்ச்சல், ரசம் எப்படி வைக்கணும்னு கேப்பான். இவ எழுதுவா. புள்ள படம் வரைஞ்சு அனுப்பும். இவ அதப் பாராட்டி எழுதுவா, நாலு வரி, அஞ்சு வரி. என்கிட்ட அவ நாள் முழுக்க அவ்வளவு பேசுனதில்ல. வேதமும் நம்ம வேதந்தான், குடிப்பழக்கம் இல்ல, விசாரிச்சேன். குத்தம் சொல்ல ஒண்ணும் ஆம்புடல. அதுதான் பயமா இருந்துது.

அப்புறம் ஒரு மெயிலு. உங்க அண்ணன்ட்ட நான் நேர்ல வந்து கேக்கட்டுமான்னு. இவ பதில் எழுதியிருக்கா, கேளுங்கன்னு. ஒத்த வார்த்தை.

நீங்களே யோசிங்க. இவ பொள்ளாச்சிக்குப் போயிட்டா ஆபீஸ யாரு பாக்குறது? ரெஜினா முட்ட யாரு பாக்குறது? அதுக்காக நான் சொல்லல. அவ நல்லதுக்குத்தான். நாப்பது வயசுல போயி அடுத்தவ பெத்த புள்ளைக்கு, அதுவும் கால் சரியில்லாத புள்ளைக்கு, சேவகம் செய்யணுமா? இங்க ராணி மாதிரி இருக்கா.

அவ கஸ்டம்ஸ் ஆபீஸுக்குப் போயிருந்த நேரம், நான் அவ சேர்ல உக்காந்தேன். அவ எழுதுற மாதிரியே ஒரு மெயில் எழுதுனேன். எனக்குத் தமிழ் டைப்பிங் வராது. அதனால அவ பழைய மெயில்ல இருந்தே வார்த்தைய எடுத்து எடுத்து ஒட்டுனேன். வேர்த்துப் போச்சு. 'எனக்கு இந்த வயசில் கல்யாணம் தேவையில்லை. அண்ணன் குடும்பம்தான் என் குடும்பம். கால் ஊனமான பிள்ளையை வளர்க்க எனக்குத் திராணி இல்லை. இனி எழுத வேண்டாம்.' அவ்வளவுதான். மரியாதையாத்தான் எழுதுனேன். கீழ அவ பேரப் போட்டு செண்ட் அமுக்குனேன். ஜன்னல் மாதிரி இருந்தது மூடிட்டு. ஏதோ ஒரு பெட்டி வந்துது இங்கிலீஷ்ல, ஓகே அடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

அந்த மத்தியானத்துலயிருந்துதான் மெயில் வேலை செய்யல.

வரவும் இல்ல, போகவும் இல்ல. சர்வர் கிடைக்கலன்னு ஒரு பெட்டி வரும். பாஸ்வேர்டு கேக்கும். போட்டா திருப்பியும் கேக்கும். எமில்டா மோடத்த அணைச்சுப் போட்டா. நெட்டு நல்லா இருக்கு, மத்த பக்கமெல்லாம் தொறக்கு. வைரஸ் பாக்குறத அணைச்சுப் பாத்தா. ப்ரோகிராம மூடித் தொறந்தா. ஒண்ணும் நடக்கல. உங்கள மாதிரி ஒரு ஆளு வந்தாரு, பாத்தாரு, அழிச்சுட்டு மறுபடியும் புதுசாப் போடுவோம்னாரு. பழைய மெயிலெல்லாம் போயிரும்ணே, அவரு தொட வேண்டாம்னு எமில்டா தடுத்துட்டா. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். எந்த மெயிலு போயிரும்னு இவ பயப்படுதா?

எனக்கும் அவசரந்தான். அந்தப் பொள்ளாச்சிக்காரன் என்ன பதில் போட்டான்னு தெரியணும்லா.

ரெண்டு மூணு நாளு இப்படியே ஓடிட்டு. இதுக்குள்ள ஒரு முந்திரிக் கம்பெனி அண்ணாச்சிக்குக் கொட்டை வந்து எறங்கியிருக்கு. எறங்குன தகவல் மெயில்ல வந்திருக்கணும், வரல. சரக்கு யார்டுல கெடக்கு. அவரு நேரா ஆபீஸுக்கு வந்துட்டாரு, முகமெல்லாம் செவந்து. நான் எமில்டாவ அவரு முன்னால கூப்பிட்டேன்.

"எந்திரிச்சு நில்லுட்டி. அண்ணாச்சிட்ட மன்னிப்புக் கேளு."

"மெயில் வரலண்ணே. நான் நேத்தே கப்பல் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டேன். அவங்க லிஸ்ட்ல இவரு பேரு..."

"காரணம் கேக்கல. மன்னிப்புக் கேளுன்னேன். மனசு வேலைல இருந்தாத்தான் மெயில் வரும். வேற எங்கயோ இருந்தா எப்படி வரும்?"

அண்ணாச்சியே, சரி விடுங்க, தங்கச்சிய ஏன்னாரு. நான் விடல. விட்டா யாரு பயப்படுவா? அவ கேட்டா. கையக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டா. கணக்கு பாக்குற புள்ளைக ரெண்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டுக. தகப்பன் ஸ்தானத்துல இருக்கேன், நாலு பேரு முன்னால கண்டிச்சாத்தான் மனசுல நிக்கும்.

இது ரெடியாகாம இன்னைக்கு நீ சாப்பிடப் போகக் கூடாதுன்னுட்டேன். அவ போன எடுத்து சென்னைக்குப் போட்டா, மெயில் குடுக்குற கம்பெனிக்கு. எவ்வளவோ நேரம் பாட்டு பாடுச்சு, வச்ச காத எடுக்கல. கடைசியில ஒரு பொண்ணு எடுத்துச் சொல்லியிருக்கு. பாதுகாப்புக்காகப் பழைய வழிய அடைச்சுட்டோம், எல்லாருக்கும் முன்னாலயே அறிவிப்பு அனுப்புனோமேன்னு. அந்த அறிவிப்பும் மெயில்லதான் வந்திருக்கு. விளம்பரம்னு நெனச்சு நாந்தான் ஒரு காலைல அழிச்சேன் போல. அத அவகிட்ட சொல்லல. சொல்லி என்ன ஆகப்போவுது?

உள்ள போயி அக்கவுண்ட் செட்டிங் தொறந்தா. நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வாரதுக்கு ஒரு சர்வர், போறதுக்கு ஒரு சர்வராம். ரெண்டுக்கும் நம்பர் மாத்துனா. எங்கயோ ஒரு டிக் அடிச்சா. எல்லாம் சரியா வார வரைக்கும் எதுவும் அரைகுறையாப் போயிரக் கூடாதுன்னு ப்ரோகிராம ஆஃப்லைன்ல வச்சிருந்தா. அப்புறம், இத்தனை நாளா என்னென்ன தேங்கியிருக்குன்னு பாத்துட்டு அனுப்புறேன்ணேன்னு சொல்லிட்டு, அவுட்பாக்ஸ்னு ஒரு பெட்டி, அதத் தொறந்தா.

நான் கண்டேனா, அப்படி ஒரு பெட்டி இருக்குன்னு. அனுப்புனது போகலேன்னா அங்கதான் கெடக்குமாம். ஆபீஸ் மெயிலு ஏழெட்டுக் கெடக்கு. எல்லாத்துக்கும் அடியில, மொதல்ல எழுதுனது, நான் எழுதுனது.

பேரு அவ பேரு. போற எடம் பொள்ளாச்சி. அவ எழுதாத மெயிலு.

தொறந்தா. வாசிச்சா. நாலு வரிதான், எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா அவ வாசிச்சுக்கிட்டே இருந்தா. அழுவாளோன்னு நெனச்சேன். சண்டை போடுவாளோன்னு நெனச்சேன். அப்படிப் போட்டா என்ன சொல்லணும்னு நானும் தயாரா இருந்தேன். நீ செய்யுறது மட்டும் நியாயமா, எனக்குத் தெரியாம எட்டு மாசமா எழுதுதியேன்னு கேட்டுருக்கலாம். கேக்க விடல.

"இது எப்பம்ணே எழுதுனிய?"

"எப்பம் எழுதுனா என்ன? உன் நல்லதுக்குத்தான்."

அவ திரும்பல. திரையையே பாத்துக்கிட்டு இருந்தா.

"சாயங்காலம் அவரு ஜெனோவாவ மடியில வச்சுக்கிட்டுத்தான் என் மெயில வாசிப்பாரு. அந்தப் புள்ளதான் சத்தமா வாசிக்கும்."

"அதுக்கு?"

"இந்தக் கால் வரி வேண்டாம்."

சொல்லிட்டு அந்த ஒத்த வரிய அழிச்சா. எழுத்து எழுத்தா, பின்னாலயிருந்து. மத்ததையும் அழிக்கப் போறான்னு பாக்கேன். அழிக்கல. நான் ஒட்டுனதுல ஒரு எடத்துல புள்ளி விட்டுப் போயிருந்துது, அதப் போட்டா. அப்புறம் ஆஃப்லைன எடுத்து விட்டுட்டு, செண்ட் அமுக்குனா.

அவளே அமுக்குனா, நல்லா கேட்டுக்கிடுங்க. நான் தொடக்கூட இல்ல.

எனக்கே ஆச்சரியம். "உனக்குச் சம்மதந்தானே?"ன்னு கேட்டேன். கேட்டது என் கடமைலா.

"அனுப்பலேன்னா நாளைக்கு அவங்க மொதலாளிக்கு நீங்க போன் போடுவிய. அவருக்கு வேலை போயிரும். அந்தப் புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவாரு?"

பொய் சொல்லுவானேன், நானும் அதத்தான் யோசிச்சு வச்சிருந்தேன். அந்த மொதலாளி எனக்கு வேண்டியவரு. நான் வாயத் தொறக்காமலே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியளா. கூடப்பொறந்த பொறப்பு. அவ்வளவு புத்தி. அந்தப் புத்தி இருக்கப் போயித்தான் இத்தனை வருசம் ஆபீஸ் நடந்துது.

போறதெல்லாம் போயி முடிஞ்ச பொறவு, வாரது வர ஆரம்பிச்சுது. அணை தொறந்து விட்ட மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு. கப்பல் கம்பெனி, முந்திரி, கஸ்டம்ஸ். அதுக்கு நடுவுல அவன் மெயில் ஒண்ணு. மூணு நாளைக்கு முன்னால எழுதுனது, சர்வர்ல கெடந்து இப்பம் வருது. நானும் அவ தோளுக்கு மேலயிருந்து வாசிச்சேன். ஞாயித்துக்கெழமை பனிமய மாதா கோயில் பூசைக்கு மகளோட வாரேன், பூசை முடிஞ்சதும் உங்க அண்ணன வந்து பாக்குறேன், ட்ரெயின் டிக்கெட் எடுத்தாச்சு, ஜெனோவா உங்களுக்குன்னு ஒரு படம் வரைஞ்சு வச்சிருக்கா, நேர்லதான் குடுப்பேன்னு சொல்லுதா. இப்படி.

எமில்டா அத மூடிட்டு அடுத்த மெயிலத் தொறந்தா. முந்திரிக் கம்பெனி பேப்பர பிரிண்ட் போட்டு, ஃபைல்ல வச்சு, கையெழுத்துக்கு என் மேசையில கொண்டாந்து வச்சா.

எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துது. நானும் மனுசன்தானே. அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்கல, சீலா மீன் வேற, நல்லா வாய்ச்சிருந்துது. அவ சாப்பிடப் போகல. ரெடியாயிட்டே, போயிச் சாப்பிடுன்னு சொன்னேன். பசிக்கலன்னுட்டா.

மறுநாள் காலைல நான் போயித் தொறந்தேன். அவன் பதில் வந்திருந்துது. உங்க முடிவுக்குக் கட்டுப்படுறேன், உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. ஜெனோவா கேட்டா, நீங்க ஊர்ல இல்லேன்னு சொல்லியிருக்கேன். எப்பவாவது மனசு மாறுனா ஒரு வரி எழுதுங்க, நாங்க இங்கதான் இருப்போம். அந்தக் கடைசி வரிதான் எனக்குப் புடிக்கல. ஒரு முடிவு எடுத்தாச்சுன்னா எடுத்ததுதான், கதவ ஒருக்களிச்சு வச்சா எப்படி? அழிச்சேன். குப்பைப் பெட்டிக்குப் போயி அங்கயும் அழிச்சேன். அவ பாத்தா மறுபடியும் வேதனைப்படுவாள்ல.

அவ வந்தா. தொறந்தா. ரொம்ப நேரம் பாத்தா. நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன்.

அப்புறம் நான் ஒரு ஏற்பாடு பண்ணுனேன். அவ பேருல இருந்த மெயில் ஐடிய எடுத்துட்டு ஆபீஸ் பேருல போட்டேன். தனிப்பட்ட ஆளுக அவ பேருக்கு எழுதுனா வராது. அதையும் அவளையேதான் போட்டுத் தரச் சொன்னேன், எனக்குத்தான் அது தெரியாதே. உக்காந்து, நிதானமா, பழச அழிச்சுட்டுப் புதுசப் போட்டுக் குடுத்தா. அவளுக்குன்னு நல்ல சுத்துற சேர் ஒண்ணு வாங்கிப் போட்டேன். இடுப்புக்கு எதமா இருக்கட்டும்னு. யாரு செய்வா?

இப்பம் மெயில் நல்லா ஓடுது. ஒரு எரர் இல்ல. ஆபீஸும் நல்லாத்தான் நடக்கு. அவளும் காலைல வாரா, சாயங்காலம் போறா, சமைக்கா, ரெஜினாவுக்கு முட்டுக்கு எண்ணெய் தேச்சு விடுதா. ஒரு வேலை கொறையல.

அப்பம் என்ன பிரச்சனைன்னு கேக்கியளா? இதான் உங்ககிட்ட கேக்க வந்தது. கம்ப்யூட்டர் பேச்சுல எங்கயோ போயிட்டேன்.

அவன் வாரேன்னு எழுதியிருந்தானே, அந்த ஞாயித்துக்கெழமை. பூசைக்கு எல்லாரும் போனோம், அவ வரல, தலைவலின்னா. திரும்பி வந்தா, மீன் கொழம்பு வச்சு எல தயாரா இருக்கு. ரெஜினா தம்பி குடும்பம் வந்திருந்துது, இப்பம் நிச்சயம்னு சொன்னேனே, அவுகதான். எல்லாரும் உக்காந்தோம். எமில்டா பரிமாறுதா. என் எலைக்கு வந்தா. "சார், கொழம்பு ஊத்தட்டுமா?"ன்னு கேக்கா.

ஆபீஸ்ல அந்தக் கணக்கு பாக்குற புள்ளைக என்னக் கூப்பிடுமே, அதே மாதிரி. அதே கொரல். மச்சினன் பெஞ்சாதி சிரிச்சுட்டா, தமாசுக்குச் சொல்லுதான்னு. நானும் சிரிச்சேன். எமில்டா சிரிக்கல. ஊத்திட்டு அடுத்த எலைக்குப் போயிட்டா.

அன்னைக்குத் தொடங்குனது. ஆபீஸ்லயும் சார்தான், வீட்லயும் சார்தான். ரெஜினா மேடம் ஆயிட்டா. கொரல் ஒசத்தல, முகத்தத் திருப்பல, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இல்ல. வெளிய யாருட்டயும் சொன்னா, மரியாதையாத்தானே பேசுதான்னு சொல்லுவாங்க. பொறந்ததுலயிருந்து அண்ணே அண்ணேன்னு கூப்பிட்ட வாயி. நான் அவளுக்கு என்ன கொறை வச்சேன்? நீங்க வெளி ஆளு, நீங்க சொல்லுங்க.

முந்தாநாள் காலைல ரெஜினா இல்லாத நேரமாப் பாத்து அடுப்படிக்கே போயிட்டேன். காப்பி ஆத்திக்கிட்டு நின்னா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, மறைக்கல. "ஏட்டி, இங்க பாரு. நான் ஒனக்கு அண்ணன்ட்டி"ன்னேன்.

டம்ளர என் கையில குடுத்தா.

"சரி சார்"னா.